கட்டைவிரல் படும் இடம்

“இது யாருடைய கைன்னு சொல்ல முடியுமா?”

கலியபெருமாள் மேசைமேல் ஒரு சவரக் கத்தியை வைத்தார். மடக்குக் கத்தி. பழையது. பாதிக்குமேல் துரு.

மதலேன் கத்தியைப் பார்க்கவில்லை. அவருடைய தாடியைப் பார்த்தாள். நெஞ்சுவரை இறங்கிய நரைத்த தாடி.

“முதல்ல இது யாருடைய தாடின்னு சொல்லுங்க.”

“என்னுதுதான்.”

“தாடி வச்சவருக்குக் கத்தி எதுக்கு?”

“வழிக்க இல்ல.”

“பின்ன?”

“தெரிஞ்சிக்க.”

அவள் முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

*

புதுச்சேரியில் குருசுக்குப்பத்தில் அவள் வீடு. முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேசை. மேசைமேல் தீட்டுக்கற்கள், தையல் மிஷின் எண்ணெய், உப்புத்தாள், தொங்கும் தோல்வார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சவரக் கத்திகளை வாங்குவாள். துருவெடுத்து, கூர் பிடித்து, கேட்டவர்களுக்குப் பார்சலில் அனுப்புவாள். நாற்பதைத் தாண்டியவள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

கலியபெருமாளுக்கு அறுபது. விழுப்புரத்துப் பக்கம் ஒரு கரும்பு ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஞாயிறுதோறும் பஸ் ஏறிச் சந்தைக்கு வருவார். ஷாகுல் பாயின் தார்ப்பாய் முன்னால் குந்துவார். பூட்டு, கடிகாரம், கேமரா எதையும் தொடமாட்டார். சவரக் கத்திகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

“பெருசு, கத்திய வாங்கினா தாடி கோச்சிக்குமா?” என்பார் பாய்.

இந்த முறை வாங்கிவிட்டார். வாங்கியவர் எழுந்திருக்கவில்லை. கத்தியைப் பிடித்தபடி வெயிலில் உட்கார்ந்தே இருந்தார்.

பாய் பயந்துபோனார்.

“மதலேனம்மாகிட்ட காட்டு, பெருசு. அது கத்தியப் பாத்து ஜாதகம் சொல்லும்.”

*

மதலேன் கத்தியை விரித்தாள். அலகும் கைப்பிடியும் சேருகிற தண்டுப் பகுதியைத் துணியால் துடைத்தாள். வெளிச்சத்தில் சாய்த்தாள்.

“இடது கை.”

கலியபெருமாள் முக்காலியோடு முன்னால் நகர்ந்தார்.

“எப்படி?”

“கட்டைவிரல் படற இடம். பாருங்க. வேர்வை பட்டுப் பட்டு இங்க கறுத்துப் போயிருக்கு. வலது கைக்காரருக்கு அந்தப் பக்கம் கறுக்கும்.”

அலகின் முதுகை நகத்தால் தடவினாள்.

“கல்லுல தீட்டினதும் அதே கைதான். முதுகு ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. பல வருஷம் தீட்டின கை. அவசரப்படாத ஆளு.”

“அவசரமே படமாட்டாரு.”

“யாரு?”

“எங்க அண்ணன்.”

*

சிவக்கொழுந்து பத்து வயது மூத்தவர். நொட்டாங்கை.

அப்பா அந்தக் கையில் அடித்துப் பார்த்தார். கட்டிப் போட்டுப் பார்த்தார். பந்தியில் அவரைப் பரிமாற விடமாட்டார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரை இடது கையால் வாங்கினார். அதோடு முடிந்தது. அடுத்த வீட்டுக்குப் போகும்போது கையை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

“காபிக்குச் சரி. காலம் பூரா மாத்தி வச்சிக்க முடியாதுல்ல” என்றார் அவர். அடுத்த வீட்டுக்குப் போகவே இல்லை.

தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தார். தம்பிக்கு மீசை அரும்பியபோது கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கிணற்றடியில் இருவரும் எதிரெதிரே குந்திக்கொள்வார்கள்.

“கண்ணாடிண்ணே?”

“உனக்கு எதுக்குடா கண்ணாடி? நான் பண்றதப் பாத்துப் பண்ணு. மெதுவா. மூஞ்சி எங்கயும் ஓடிடாது.”

அண்ணனுக்கு ஒரு கத்தி. தம்பிக்கு ஒரு கத்தி. தம்பியின் கலியாணத்தன்று காலையிலும் அப்படித்தான். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகும் வயதுவரை அப்படித்தான்.

பிறகு அண்ணன் போய்விட்டார்.

*

“அவருக்குப் புள்ளை இல்ல. நான்தான் கொள்ளி வச்சேன். காரியத்தன்னிக்கு ஆத்தங்கரையில மொட்டை, மீசை எல்லாம் எடுத்தாங்க. எடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன். அதுக்குள்ள பாய், தலகாணி, சீப்பு, கத்தி எல்லாத்தயும் மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க. செத்தவரு பொழங்கினத வீட்டுல வைக்கக்கூடாதில்ல.”

“ஆமா.”

“அதுக்குப் பதிலா பழைய சாமான்காரன் ஒரு பச்சை பிளாஸ்டிக் குவளை குடுத்துட்டுப் போயிருந்தான். குளியலறையில இருந்துச்சி. அதுலதான் இன்னும் தண்ணி மொண்டு ஊத்திக்கிறேன்.”

மதலேன் விரல் கறையைத் துணியில் துடைத்தாள்.

“அதுக்கப்புறம் வழிக்கத் தோணல.”

“உங்க கத்தி?”

“இருக்கு. அலமாரியில. எதிர்ல ஆள் இல்லாம எப்படி வழிக்கிறதுன்னு தெரியல.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு மீன்காரி தெருமுனைவரை கத்திக்கொண்டே போனாள்.

“இது அவரு கத்திதானா? அத மட்டும் சொன்னா போதும்.”

“துருவ எடுத்தா ஏதாவது தெரியலாம்.”

“எடுத்தா அவரு தேச்ச தேய்வு போயிடாதா?”

“கொஞ்சம் போவும்.”

“அப்ப வேணாம்.”

“சரி. அப்ப துரு தின்னுட்டுப் போவட்டும். அதுக்கு இடது கை வலது கை தெரியாது.”

கலியபெருமாள் கத்தியை எடுத்து மடக்கினார். கைக்குட்டையில் சுற்றினார். வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

“நீங்களே எடுத்துக் குடுங்க. பாத்து.”

“நான் தொடமாட்டேன். போனா யாரு கையால போச்சின்னு உங்களுக்குத் தெரியணும்.”

உப்புத்தாளை அவர் முன்னால் போட்டாள்.

*

அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும்.

கைப்பிடியின் ஆணிகளை அறுத்து அலகைத் தனியே பிரிக்க அவள் சொல்லிக்கொடுத்தாள். எண்ணெயில் ஊறப் போடச் சொன்னாள். மிக நைசான தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில், அழுத்தாமல் தேய்க்கச் சொன்னாள்.

அவர் ஒரு ஞாயிறு முழுக்க ஒரு விரற்கடை தேய்த்தார்.

“பல்லு முளைக்காத குழந்தைக்கு ஈறு தேய்க்கிற மாதிரி தேய்க்கிறீங்க.”

“போயிடக்கூடாதேன்னு.”

“துருவா?”

அவர் தாளைத் திரும்பவும் தண்ணீரில் நனைத்தார்.

கட்டைவிரல் படும் இடத்தைச் சுற்றி மட்டும் அவர் தாள் படவில்லை. அலகு மெல்ல மெல்ல வெளுத்தது. நடுவில் ஒரு பள்ளம் வெளிப்பட்டது. அரிசி அளவு. துரு ஆழமாகத் தின்ற இடம்.

“இந்தப் பள்ளம் அண்ணன் கத்தியில இருந்துச்சா?” என்று மதலேன் கேட்டாள்.

“ஞாபகமில்ல.”

“கைப்பிடி என்ன நிறம்?”

“கறுப்பு. எல்லாக் கத்தியும் கறுப்புதானே.”

“மார்க்?”

“ஏதோ ஜெர்மன் எழுத்து. அண்ணன் ஒரு சொல்தா வீட்டுல வாங்கினது. பிரெஞ்சுப் பட்டாளத்துல சைகோனுக்குப் போயிட்டு வந்த சொல்தா.”

“இந்த ஊர்ல அப்படி எத்தனையோ சொல்தா இருந்தாங்க.”

“கைய மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு” என்றார்.

*

ஒரு நாள் கலியபெருமாள் கேட்டார்.

“இந்த வேலைய யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?”

“புருஷன் பிரான்சுக்குப் போனாரு. சவரக் கத்திய மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு. உப்புக்காத்து. துரு புடிச்சிச்சி. வந்தா திட்டுவாரேன்னு தேய்க்க ஆரம்பிச்சேன்.”

“வந்தாரா?”

மதலேன் தோல்வாரை இழுத்துப் பிடித்தாள். கையிலிருந்த கத்தியை அதில் மேலும் கீழும் ஓட்டினாள்.

“கத்தி நல்லா ஆயிடுச்சி” என்றாள்.

“அது எங்க இப்ப?”

“வித்துட்டேன். பெங்களூர்ல ஒருத்தர் தெனமும் வழிக்கிறாரு. நல்லா இருக்குன்னு போன் பண்ணாரு.”

*

துரு போயிற்று. இனிக் கூர் பிடிக்க வேண்டும்.

கலியபெருமாள் அலகை வீட்டுக்கு எடுத்துப் போனார். அடுத்த ஞாயிறு முகம் மலர்ந்து வந்தார்.

“நானே தீட்டிப் பாத்தேன்.”

மதலேன் வாங்கிப் பார்த்தாள். அலகின் முதுகு நெடுகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது.

“இது என்ன?”

“கல்லுல வச்சா முதுகும் தேயுமில்ல? அண்ணன் தேச்ச தேய்வு மேல என் கை படக்கூடாது. கூர் மட்டும் கல்லுல படட்டும்னு…”

அவள் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். அலகின் வாயில் மெல்ல இறக்கினாள். முடி வளைந்தது. வழுக்கிக்கொண்டு போனது. அறுபடவில்லை.

“முதுகு கோணல். அது மேல டேப்பு நேரா. கூர் எப்படி வரும்?”

“இன்னொரு தடவ பாக்கறேன்.”

“எத்தன தடவ பாத்தாலும் இதான். உங்க அண்ணனுக்கு மழைக்கோட்டு மாட்டி விட்டுட்டு, ஏன் நனைய மாட்டேங்கறீங்கன்னு கேக்கறீங்க.”

கலியபெருமாளின் குரல் உயர்ந்தது.

“நீங்க ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கறீங்க. இது அவரு கத்திதான். எனக்குத் தெரியும். இடது கை. அவசரப்படாத கை. சொல்தா வீட்டுக் கத்தி. ஆமான்னு சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சிடும்? சொல்லுங்க. நான் டேப்ப எடுத்துடறேன், பேசாம ஒரு பெட்டியில வச்சிக்கறேன். தீட்டவே வேணாம்.”

மதலேன் எழுந்தாள். மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். அப்படியே கழற்றி எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

உள்ளே சவரக் கத்திகளின் அலகுகள். கைப்பிடி இல்லாதவை. எண்ணெய்த் துணியில் வரிசையாகப் படுத்திருந்தன.

“எடுத்துப் பாருங்க.”

ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் படும் இடத்தைத் திருப்பினார்.

கறுத்திருந்தது. இடது பக்கம்.

இன்னொன்றை எடுத்தார். இடது பக்கம்.

இன்னொன்று.

எல்லாமே.

“இடது கைக் கத்திய வலது கைக்காரருக்கு வித்தா திட்டறாங்க” என்றாள் மதலேன். “கன்னத்துல ஒக்கார மாட்டேங்குதாம். அதனால தனியா போட்டு வைக்கறேன்.”

கலியபெருமாள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தார். சிலவற்றில் ஜெர்மன் எழுத்து. சிலவற்றின் முதுகு ஒரு பக்கமாய், நிதானமாய்த் தேய்ந்திருந்தது. அவசரப்படாத கைகள்.

“இதுல எது உங்க அண்ணன்?”

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

மதலேன் அவர் அலகிலிருந்த டேப்பை உரித்தாள். அலகை இழுப்பறைக்குள் போட்டாள். இழுப்பறையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் குலுக்கினாள். இரும்பு இரும்போடு உரசிக் கரகரத்தது.

“ஐயோ!”

அவர் இரண்டு கையாலும் இழுப்பறையைப் பிடித்தார். உள்ளே கைவிட்டுக் கலைத்தார். விரல் கீறி ரத்தம் வந்தது. ஒன்றை வெளியே எடுத்தார். அதைத் தவிர வேறெதையும் தூக்கிப் பார்க்கவில்லை.

“இதுதான்.”

“எப்படித் தெரிஞ்சிது?”

“இந்தப் பள்ளம். அரிசி அளவுப் பள்ளம். நான்தானே இதச் சுத்தி…”

நிறுத்தினார்.

“சொல்லுங்க” என்றாள் மதலேன். “யாரு கத்தி அது?”

அவர் அலகை மேசைமேல் வைத்தார். விரலை வாயில் வைத்து உறிஞ்சினார். சின்னப் பிள்ளையைப் போல.

“எனக்குக் கத்தி வேணாம்மா” என்றார். “எனக்கு அண்ணன் வேணும்.”

மதலேன் இழுப்பறையை அதன் இடத்தில் திரும்பப் பொருத்தினாள்.

“அது எங்கிட்ட இல்ல” என்றாள்.

*

அவர் வருவது நின்றுபோயிற்று.

அலகு அவள் மேசையிலேயே கிடந்தது. அவள் அதைத் தீட்டவில்லை. இழுப்பறையில் போடவும் இல்லை. உப்புக்காற்றில் துரு ஏறாமல் எண்ணெய் மட்டும் போட்டு வைத்தாள்.

“பெருசக் காணமே” என்றார் ஷாகுல் பாய், சந்தையில். “கத்திங்கள்லாம் கேக்குது, எங்க நம்ம தாடின்னு.”

“வருவாரு.”

“என்னம்மா பண்ண அவர?”

“கேட்டதக் காட்டினேன்.”

“அதான் காணம்” என்றார் பாய்.

*

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு. கலியபெருமாள் வாசலில் நின்றார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“உள்ள வாங்க. குடை இல்லையா?”

“பஸ்லயே விட்டுட்டேன்.”

உள்ளே வந்தார். உட்காரவில்லை.

“ஒண்ணு மறந்துபோச்சி.”

“குடைதானே.”

“அண்ணன் எந்தக் கன்னத்துல ஆரம்பிப்பாருன்னு மறந்துபோச்சி.”

மதலேன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“செவ்வாக்கிழம காலையில குளிக்கப் போனேன். அந்தக் குவளைய எடுத்தேன். நெனப்பு வந்துச்சி. அண்ணன் மொதல்ல எந்தப் பக்கம் கத்திய வைப்பாரு? இடதா? வலதா? தண்ணிய ஊத்திக்காம நின்னுட்டே இருந்தேன். வரல. நாப்பது வருஷம் தெனம் பாத்தது. எதிர்லயே ஒக்காந்து பாத்தது. வரல.”

தாடியில் சொட்டிய தண்ணீரைக் கையால் துடைத்தார்.

“பொண்டாட்டியக் கேட்டேன். ‘நான் எங்க ஒங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துட்டு நின்னேன், எனக்கு அடுப்புல வேல’ங்கறா. வேற யாரக் கேக்கறது? அவரு மூஞ்சி போட்டோவுல இருக்கு. குரலு காதுல இருக்கு. இது எதுலயும் இல்ல. எங்கிட்டதான் இருந்துச்சி. போயிடுச்சி.”

மழை ஓட்டில் கொட்டியது.

“இன்னும் என்னென்ன போயிருக்கோ” என்றார். “தெரியல. போனது போனதா தெரியமாட்டேங்குது.”

மதலேன் தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். அலகை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“தீட்டுங்க.”

“டேப்பு?”

“வேணாம்.”

அவர் கல்லைப் பார்த்தார். அலகின் முதுகைப் பார்த்தார். ஒரு பக்கமாய்த் தேய்ந்திருந்த அந்தச் சரிவைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“இது போயிடும்.”

“போவும்.”

“போனா திரும்ப வராது.”

“வராது. உங்க கைக்கு வரும்.”



அவர் அலகைக் கல்லின் மேல் படுக்கவைத்தார். தள்ளினார். புரட்டினார். இழுத்தார். கல்லில் இருந்த தண்ணீர் மெல்லக் கறுத்தது. அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே தீட்டினார். கண்ணைத் துடைக்கக் கை எடுக்கவில்லை. கன்னத்தில் இறங்கியது தாடிக்குள் போய் மறைந்தது.

மெதுவாகத் தீட்டினார். மழை விடும்வரை தீட்டினார்.

தோல்வாரில் ஓட்டினார்.

மதலேன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அலகின்மேல் இறக்கினாள். முடி வாயைத் தொட்டது. இரண்டாகி விழுந்தது.

அவள் கறுப்புக் கைப்பிடி ஒன்றை எடுத்து, புது ஆணி வைத்துத் தட்டி, அலகை மாட்டிக் கொடுத்தாள்.

“வழிங்க.”

“யாருக்கு?”

“எனக்கா வளந்திருக்கு?”

*

கத்திரிக்கோலும் பழைய செய்தித்தாளும் கொண்டுவந்து போட்டாள்.

“அந்தக் காட்ட மொதல்ல இறக்குங்க. கத்திக்கு அவ்வளவு வேல குடுக்கக்கூடாது. எங்க தெருவுல தாடியோட உள்ள வந்த ஆம்பள தாடி இல்லாம வெளிய போனா என்னென்ன பேசுவாங்களோ. போவும்போது தலைய குனிஞ்சிட்டுப் போங்க.”

கலியபெருமாள் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

தாடி செய்தித்தாளில் கொத்துக் கொத்தாக விழுந்தது. ஒட்ட வெட்டி முடித்தார். தாடையைத் தடவினார். யாருடையதோ போலிருந்தது.

அவள் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும், சோப்பும், குச்சத் தூரிகையும் வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். மேசைமேல், அவர் முகத்துக்கு நேரே, தீட்டுக்கல்லின்மேல் சாய்த்து நிறுத்தினாள்.

“எனக்குக் கண்ணாடி பழக்கமில்லம்மா.”

“தெரியும்.”

“நான் அண்ணனப் பாத்துதான்…”

“தெரியும். ஒக்காருங்க.”

அவள் உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

அவர் தலையைக் குனிந்து சோப்பைக் குழைத்தார். குனிந்தபடியே நுரையைப் பூசினார். வெந்நீரின் வாசனையும் சோப்பின் வாசனையும் எழுந்தன. கிணற்றடி ஈரமும் சேர்ந்து எழுந்தது.

கத்தியை விரித்தார்.

கண்களை மூடிக்கொண்டார். எங்கே வைப்பது என்று யோசித்தார். எதுவும் வரவில்லை. யோசிப்பதை விட்டார்.

வலது கை தானாக உயர்ந்தது. காதுக்குக் கீழே ஓரிடத்தில் போய், பழகிய இடம்போல் நின்றது.

கண்களைத் திறந்தார்.

எதிரே, நுரை பூசிய முகத்தோடு, அறுபது வயதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கத்தியை இடது கையில் பிடித்திருந்தார்.

இடது கன்னத்தில் ஆரம்பித்தார். மெதுவாக.